எந்தத் தொட்டில் வாங்கலாம் என்று கேட்ட தோழிக்கு

என்னோடு ஒரே பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த தோழி நேற்று தொலைபேசியில் அழைத்தாள். அவள் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். இரட்டைப் பிள்ளைகள். "உன் பேரன் பேத்திக்கு எந்தத் தொட்டில் வாங்கினாய்? இரண்டு பேரையும் சேர்த்துப் போடுகிற மாதிரி பெரிதாக ஒன்று வாங்கட்டுமா, தனித்தனியாக வாங்கட்டுமா?" என்று கேட்டாள். நான் பாதி சொல்வதற்குள் அவள் வீட்டுக்கு யாரோ வந்துவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன். என் வயதுப் பெண்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் பெண்ணின் குழந்தை எங்கே, எப்படித் தூங்க வேண்டும் என்பதை நம் ஊரில் பெரும்பாலும் நாம்தான் முடிவு செய்கிறோம்.

என் மகளுக்கு 34 வாரத்திலேயே வலி வந்துவிட்டது. பேரன் 1 கிலோ 950 கிராம், பேத்தி 1 கிலோ 640 கிராம். பதினாறு நாள் பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதெல்லாம் பேத்தி தவளைக் குஞ்சு மாதிரி குப்புறப் படுத்திருப்பாள். குப்புறப் போட்டால்தான் இந்தக் குழந்தைக்கு நல்ல தூக்கம் வருகிறது போலும், வீட்டிலும் அப்படியே போட வேண்டும் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அதை அங்கிருந்த செவிலியரிடம் சொன்னேன். அந்தப் பெண் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சி, இங்கே ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் ஒரு ஒயர் இருக்கிறது, பார்த்தீர்களா? மூச்சு குறைந்தால் மணி அடிக்கும், நான் ஓடி வருவேன். உங்கள் வீட்டில் மணி அடிக்காது. மல்லாக்கத்தான் போட வேண்டும். இரவில் மட்டுமல்ல, பகல் தூக்கத்துக்கும்."

உங்கள் வீட்டில் மணி அடிக்காது. அந்த வார்த்தை அன்றிலிருந்து என் காதிலேயே இருக்கிறது.

மல்லாக்கப் போட்டால் எதுக்களித்த பால் மூச்சில் ஏறிவிடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. என் பிள்ளைகளை அந்தப் பயத்தில்தான் ஒருக்களித்தே போட்டேன். குழந்தை மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் அதற்குக் கீழே. திரும்பி வரும் பால் கீழே உள்ள உணவுக்குழாயிலேயே தங்கும், குழந்தை அதை விழுங்கிவிடும். குப்புறக் கிடந்தால் நேர்மாறு: மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது, பால் அதன் வாசலில் போய் நிற்கிறது. ஒருக்களித்துக் கிடக்கும் குழந்தை எந்த நேரமும் குப்புறச் சரிந்துவிடலாம். அமெரிக்காவில் 1994-இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்தில்லை, ஊசியில்லை, படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதே பெரும் காரணம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து கூடுதல். மூச்சு முட்டினால் திடுக்கிட்டு விழித்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் திறன் அவர்களுக்கு இன்னும் முற்றியிருக்காது. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மாதம் நிறையாமல் பிறப்பவர்கள். அதனால்தான் இரட்டைப் பிள்ளை வீட்டில் இதை நாம் இரண்டு மடங்கு கவனிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது தொட்டிலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்து மரத்தொட்டில் ஒன்று பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்துப் பார்த்தபோது சட்டங்களுக்கு நடுவே நான்கு விரல் தாராளமாக நுழைந்தது. இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். ஆசாரியை வரச்சொல்லி ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு சட்டம் கூடுதலாக அடித்து, ஆடாதபடி காலையும் ஊன்ற வைத்தோம். இன்னொன்று புதிதாக வாங்கினோம். இரண்டும் மகளின் கட்டிலுக்கு இரு பக்கமும், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். முதல் ஆறு மாதம் அதே அறை, ஆனால் தனிப் படுக்கை என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது.

மெத்தை விஷயத்தில் நான் பிடிவாதக்காரியாக இருந்து பிறகு விட்டுக்கொடுத்தேன். பேரப்பிள்ளைகளுக்கென்றே இலவம்பஞ்சு வாங்கி, காய வைத்து, கொட்டை பொறுக்கி, சின்னதாக இரண்டு மெத்தை தைத்து வைத்திருந்தேன். மணி அடிக்காது என்று செவிலியர் சொன்னது நினைவுக்கு வரவே, ஒன்றின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். கை புதைந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அந்தக் குழியில் ஒரு கிலோ அறுநூறு கிராம் குழந்தையின் முகம் திரும்பினால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். தென்னைநார் மெத்தையைத் தொட்டில் அளவுக்கு, ஓரத்தில் ஒரு விரல் கூட நுழையாதபடி வெட்டி வாங்கினோம். மேலே இழுத்துக் கட்டிய ஒரு பருத்தி விரிப்பு. அவ்வளவுதான். உறவினர்கள் அன்போடு கொண்டுவந்த படுக்கைத் தொகுப்புகளில் இருந்த உருளைத் தலையணைகளும், தலை உருண்டையாக வரட்டும் என்று ஒருவர் தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணையும் அலமாரிக்குப் போயின. கொடுத்தவர்கள் மனம் நோகுமே என்று தயங்கினேன், ஆனாலும் எடுத்துவிட்டேன். கழுத்துக்குக் கறுப்புக் கயிறும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு போதும்.

இனி நீ கேட்ட கேள்வி. கருவிலேயே ஒன்றாக இருந்தவர்கள், பிரித்துப் போடாதே என்று எனக்கும் பலர் சொன்னார்கள். கேட்க மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவில் அவர்கள் மூக்கால் மூச்சு விடவில்லை. தொப்புள்கொடி கொடுத்தது. ஒருத்தர் கை இன்னொருத்தர் முகத்தில் கிடந்தாலும் அங்கே ஒன்றும் ஆகாது. வெளியே வந்த பிறகு கதையே வேறு. வீட்டுக்கு வந்த முதல் நாள் மதியம், புதுத் தொட்டில் வரும்வரைதானே என்று இருவரையும் அருகருகே போட்டிருந்தேன். கால் மணி நேரத்தில் பேரனின் முஷ்டி, ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும், தங்கையின் மூக்கின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. அவள் தலையை அசைத்தாள், கை அசையவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், எடுத்துவிட்டேன்.

இங்கிலாந்தின் லல்லபி டிரஸ்ட் என்ற அமைப்பு, இரட்டையர் சின்னதாக இருக்கும்வரை பெரிய தொட்டிலில் சேர்த்துப் படுக்க வைக்கலாம், கூடையில் மட்டும் சேர்த்துப் போடவே கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தனித்தனிப் படுக்கைதான் நல்லது என்கிறது. அந்த மதியத்துக்குப் பிறகு எனக்கு இரண்டாவதுதான் சரியாகப்பட்டது. வீட்டில் இரண்டு தொட்டிலுக்கு இடமோ பணமோ இல்லையென்றாலும் கவலைப்படாதே. தரையில் கெட்டியாக விரித்த தனித்தனி விரிப்பு, நடுவில் ஒருவர் கை மற்றவருக்கு எட்டாத இடைவெளி, பெரியவர்கள் புரண்டு வராத தூரம், சுற்றிலும் தலையணை இல்லாத வெற்றிடம், எறும்பும் நாயும் பூனையும் வராத இடம். அதுவும் தொட்டில்தான்.

இத்தனையும் செய்த பிறகும், வீட்டுக்கு வந்த பதினொன்றாவது நாள் இரவு நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. தங்கையின் அழுகையில் அண்ணன் எழுந்துவிடக் கூடாது என்று மகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்கு வந்திருக்கிறாள். பால் கொடுத்தபடியே தூங்கிவிட்டாள். தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருந்தது. கை தளர்ந்து மடியில் கிடந்தது. குழந்தை அந்தக் கைக்கும் சோபாவின் சாய்மானத்துக்கும் நடுவே நழுவி, முகம் மெத்தைப் பக்கம் திரும்பியிருந்தது. நான் எடுத்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு இருந்தது. பாலுக்காக உதட்டைச் சப்பினாள். மகளை எழுப்பினேன். "எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை அம்மா" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

அவள்மீது எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை. ஒரு பிள்ளை பெற்றவளுக்கே தூக்கம் கிடையாது. இவளுக்கோ ஒன்று குடித்து முடிக்கும்போது மற்றது விழித்துக்கொள்ளும். இருபத்து நான்கு மணி நேரத்தில் பதினாறு, பதினெட்டு முறை பால். நானும் என் கணவரும் இரவு பத்து மணிக்கு எங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காலையில்தான் எழுந்தோம். நல்ல தொட்டில் இரண்டு இருந்தும், அதில் குழந்தையைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு விழித்திருக்கும் ஆள் இல்லை. தூக்கம் அழுத்தும் மூன்று மணிக்கு அவளால் எந்த முடிவும் எடுக்க முடியாது. எடுக்க வேண்டியதைப் பகலிலேயே நாங்கள் எடுத்திருக்க வேண்டும். இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல வந்தேன். தொட்டில் எது என்பதற்கு முன், இரவில் யார் யார் எந்த நேரம் விழிப்பது என்று எழுதி வை.

மறுநாளே முறை போட்டோம். பத்திலிருந்து ஒன்று வரை என் கணவர். ஒன்றிலிருந்து நான்கு வரை நான். நடுவில் ஒரு வேளைப் பாலை மகள் முன்கூட்டியே பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவாள். பாலாடையில், அதுதான் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், நாங்கள் கொடுப்போம். மருத்துவமனையில் கற்றுக்கொண்ட பாலாடை இங்கே கை கொடுத்தது. அவளுக்கு ஒரே மூச்சில் நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. சோபாவில் இரவுப்பால் கூடாது என்று ஒரே விதி. அவளே கொடுக்கும்போது கட்டிலில் தலையணை, போர்வையை விலக்கிவிட்டுக் கொடுப்பாள். தப்பித் தவறிக் கண் அயர்ந்தாலும் சோபாவைவிட அது ஆபத்து குறைவு. விழித்ததும் குழந்தை தொட்டிலுக்குப் போய்விடும். அறுபத்தேழு வயதில் தாத்தா குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பார், பிறகு மல்லாக்கக் கிடத்திவிட்டு இரண்டு விரலால் பிடரியைத் தொட்டுப் பார்ப்பார். பாளையங்கோட்டை வெயிலில் தொப்பியும் கம்பளியும் போட்டுப் புழுங்க வைக்கக் கூடாது. கை கால் ஜில்லென்று இருந்தால் பரவாயில்லை, பிடரி நசநசத்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும்.

பகலில் மார்போடு சேர்த்துக் கட்டும் கங்காரு முறையையும் விடவில்லை. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், தாய்மார்களின் மார்புச் சூட்டை நம்பித் தொடங்கிய முறை அது. நான் நன்றாக விழித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் கட்டிக்கொள்வேன்.

சம்பந்தியம்மாள் ஊரிலிருந்து வந்தபோது பெட்டியில் தன் பழைய நூல்சேலையை மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள், தூளி கட்டுவதற்கு. தூளியில் வளர்ந்த பிள்ளைகளை வளர்த்தவள்தான் நானும். அந்தச் சேலையின் வாசனைக்கே குழந்தை அடங்கும் என்பது எனக்கும் தெரியும். "மதினி, கழுத்து நிற்காத பிள்ளை தூளியில் வளைந்து கிடந்தால் மோவாய் நெஞ்சில் போய் முட்டும், மூச்சு வழி மடங்கிவிடும்" என்று சொல்லிக் காட்டினேன். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக்கூடத் தூளிச் சேலை கழுத்தில் இறுகிய செய்திகள் நாளிதழில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் முகம் வாடியது. அன்று இரவு நான் என் முறைக்கு எழுந்து போனபோது, அவர்கள் ஏற்கெனவே இரண்டு தொட்டிலுக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "நீங்கள் போய்ப் படுங்கள் மதினி, இன்று என் முறை" என்றார்கள். தங்கியிருந்த பதினைந்து நாளும் ஒரு முறை தவறவில்லை. கொண்டுவந்த சேலையைக் கிழித்து இரண்டு தொட்டிலுக்கும் விரிப்பு தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார்கள்.

பிள்ளைகளுக்கு இப்போது எட்டு மாதம். மகளும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். இருவரும் தானாகவே இரு பக்கமும் புரள்கிறார்கள். மல்லாக்கத்தான் போடுகிறாள், பிறகு அவர்களாகப் புரண்டு படுத்தால் விட்டுவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டுத் தொட்டில்கள் இரண்டும் இப்போது சும்மாதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன்; நார்மெத்தையைத் துணி மாற்றி வைத்திருக்கிறேன், நீ எதுவும் வாங்காதே. உன் மகள் வீட்டுக்கு வந்த முதல் பத்து இரவும் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை என் பெயரை எழுதிக்கொள். மாற்றுச் சாவியை மட்டும் கொடுத்து வை, கதவைத் தட்டிப் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம்.