‘தி கில்லிங்’ குப்ரிக்கின் முதல் படம் அல்ல

அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் படம் ‘தி கில்லிங்’ என்றும், காலத்தை முன்பின்னாகக் கலைத்துச் சொல்லும் உத்தி அவரே கண்டுபிடித்தது என்றும் ஒரு தகவல் பகிரப்படுகிறது. இரண்டுமே தவறு.

1956இல் வெளியான இது அவரது மூன்றாவது முழுநீளப் படம். ‘ஃபியர் அண்ட் டிசையர்’ (1953), ‘கில்லர்ஸ் கிஸ்’ (1955) இரண்டும் முன்பே வந்துவிட்டன.

கலைத்துச் சொல்லும் முறையோ லயனல் வைட் எழுதிய மூலநாவல் ‘கிளீன் பிரேக்’கிலேயே இருக்கிறது. வசனம் எழுதியவர் ஜிம் தாம்சன். இவர்களை மறைத்துவிட்டு இயக்குநரை மட்டும் புகழ்வது நியாயமே இல்லை.

குப்ரிக்கின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில். படத்தின் கதையான பந்தய மைதானக் கொள்ளையை, அதில் ஈடுபடும் ஒவ்வொருவர் பக்கமிருந்தும் காட்டுகிறார்; அதே குதிரைப் பந்தயம் மறுபடி மறுபடி தொடங்குகிறது. ஆனாலும் எந்த நேரத்தில் நிற்கிறோம் என்று நாம் தடுமாறுவதில்லை. அப்போது அவருக்கு வயது 27தான்!