முருகன் படத்துக்குப் பின்னால் 23 மாத்திரைகள்

ஆயுத பூஜைக்காகச் சாமி அலமாரியைத் துடைத்தபோது முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு விபூதிப் பொட்டலம் கிடைத்தது. பிரித்தேன். உள்ளே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் 23 அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகள். அப்பாவுக்கு 76 வயது, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர். தினமும் இரவு அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவதைப் பார்த்திருக்கிறேன்; விழுங்குவதைத்தான் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"தொடை இரண்டும் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறதம்மா. டாக்டரிடம் சொன்னால், வயதானால் வலிக்கத்தான் செய்யும் என்கிறார்" என்றார் அப்பா. கொலஸ்ட்ரால் மாத்திரையே மோசடி என்ற வாட்ஸ்அப் செய்தி அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. எனக்கு அந்தச் செய்தியைவிட டாக்டரின் பதில்மீதுதான் கோபம் அதிகம்.

அப்பாவின் மாத்திரை ஸ்டாட்டின் என்ற மருந்து வகையைச் சேர்ந்தது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஓர் ஆய்வு நடந்தது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெறும் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. சாப்பிடுவது ஸ்டாட்டினா போலியா என்பது மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் கூடிய தொந்தரவில் ஏறக்குறைய 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. 2020இல் வெளியான இந்த முடிவைச் சிலர் "எல்லாம் மனப்பிரமை" என்று படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலி நிஜம், காரணத்தைத்தான் தேட வேண்டும்.

வேறொரு மருத்துவர் தேடினார். தைராய்டு சுரப்பு குறைவு! அது தசைவலியும் தரும், கொலஸ்ட்ராலையும் ஏற்றும், ஸ்டாட்டினால் தசை பாதிக்கும் வாய்ப்பையும் கூட்டும். ஓர் எளிய ரத்தப் பரிசோதனைக்கு இத்தனை மாதம். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவை ஏற்றிவிடும். ஐந்தாறு மாத்திரை சாப்பிடும் முதியவரிடம் முழுப் பட்டியலையும் கேட்க வேண்டாமா? கடும் தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் அந்த மருத்துவர்தான் முதல்முறையாகச் சொன்னார்.

எதிர்வீட்டு அத்தைக்கு 79 வயது, இதய நோய் எதுவும் இல்லை. அவர் கணக்கு வேறு. 76 வயதும் அதற்கு மேலும் ஆன, இதய நோய் இல்லாதவர்களுக்கு ஸ்டாட்டினைப் புதிதாகத் தொடங்கலாமா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே 2022இல் அமெரிக்க நிபுணர் குழு கூறியது. ஸ்டென்ட் வைத்த அப்பா அத்தையைப் பார்த்து நிறுத்த முடியாது.

தைராய்டு மாத்திரை தொடங்கி, ஸ்டாட்டின் அளவையும் குறைத்து மூன்று மாதம் ஆகிறது. மாடிப்படியில் இப்போது ஒரு தடவைதான் நிற்கிறார். இரவில் மாத்திரையை விழுங்கிவிட்டு, கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார்.