எட்டாவதில் நிறுத்தி வைத்தால் பிள்ளை எங்கே போகும்?

"ஆல் பாஸ் போட்டுத்தான் படிப்பே கெட்டுப்போச்சு, ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போடணும்." கிருஷ்ணகிரியில் டீக்கடையில் ஆரம்பித்துப் பெற்றோர் கூட்டம் வரை இதே பேச்சு. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

அவர்கள் சொல்வதில் ஒன்று உண்மைதான். எட்டாவது வந்தும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏன் இப்படி ஆனது? அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் போய்ப் பாருங்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். பொங்கலுக்கு ஊர் திரும்பி வகுப்பில் உட்கார்ந்தால், கழித்தலே பிடிபடாத பிள்ளைக்கு முன்னால் வகுத்தல் ஓடிக்கொண்டிருக்கும். அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தாலும் அடுத்த வருஷம் அதே பஸ்தானே?

2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது முடிக்கும் வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, மாநிலங்கள் விரும்பினால் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாம் என்றார்கள். ஃபெயில் ஆனவர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டாம். சரி, ஏப்ரலில் ஃபெயில் என்றால் மறுதேர்வு மே, ஜூனில். எங்கள் மாவட்டத்தில் அது மாங்காய் சீசன். தோப்பிலும் மாங்கூழ் ஃபேக்டரியிலும் வேலை மும்முரமாக ஓடும் நேரம். "உனக்குப் படிப்பு ஏறாது" என்று பேர் வாங்கிவிட்ட பையன் கூலியை ஒரு தடவை கையில் வாங்கிவிட்டால், மறுதேர்வுக்கா வருவான்?

பெண் பிள்ளை என்றால் இன்னும் பயம். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஃபெயில் என்று வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த பேச்சு மாப்பிள்ளைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் குழந்தைத் திருமணம் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகிறாள் என்ற ஒரே காரணம்தான் பல வீடுகளில் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறது.

தமிழக அரசே 2019இல் ஐந்து, எட்டுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் நிறுத்தி வைக்கலாம் என்றபோதும் இங்கே மாற்றம் இல்லை என்றார்கள். இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் பாஸ் போட்டதோடு வேலை முடியவில்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது. ஆறு, ஏழு, எட்டிலும் அது ஒழுங்காக நடக்க வேண்டும். அப்புறம், பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில் பிள்ளை இங்கேயே தங்கிப் படிக்க விடுதி வேண்டும். உங்கள் ஊர் பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.