பழைய சின்ன வண்டியை ஓட்டத்தான் வேண்டும்

சின்ன கூபே வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அதன் வடிவத்தைச் சொல்வார்கள், இல்லையென்றால் குதிரைத்திறனைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த வண்டிகளின் முதல் சிறப்பு விலை குறைவாக இருந்ததுதான். விலை குறைந்த வண்டியைத்தான் மனுஷன் பயமில்லாமல் ஓட்டுவான். கீறல் விழுமோ, மறுவிற்பனை மதிப்பு போய்விடுமோ என்று யோசிக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

சின்ன கூபே என்றால் இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, பின்னால் பேருக்கு ஒரு சீட், எடை ஒரு டன்னை ஒட்டி. தொண்ணூறுகளில் இந்த மாதிரி வண்டிகள் நிறைய வந்தன. ஃபோர்டு 1997இல் ஃபியஸ்டாவின் அடித்தளத்தை எடுத்து பூமா என்ற கூபேயைக் கட்டியது. அதன் 1.7 லிட்டர் எஞ்சினை உருவாக்குவதில் யமஹாவின் கை இருந்தது. ஓப்பல், கோர்சாவை வைத்து டிக்ராவைச் செய்தது. மலேசியாவில் புரோட்டான் கம்பெனி, மிட்சுபிஷி மிராஜ் கூபேயின் வடிவமைப்பை எடுத்து 1996இல் புத்ரா என்று விற்றது. எங்கள் காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மலேசியா அடுத்த தெரு மாதிரி. நானும் கோலாலம்பூரில் வேலை பார்த்திருக்கிறேன். கூட வேலை பார்த்த ஒருவர் தன் பழைய புத்ராவை ஓட்டிப் பார்க்கக் கொடுத்த அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இந்த வண்டிகளில் ஒரு நல்ல சூட்சுமம் உண்டு. அடியில் இருப்பது காய்கறி வாங்கப் போகிற சாதாரணக் குடும்பக் காரின் சாமான்தான். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், பால் ஜாயிண்ட் எல்லாம் பெரும்பாலும் அந்தக் காருடையதே பொருந்தும். அதனால்தான் சம்பளக்காரனும் வாங்கி, உடைத்து, சரிபண்ணி, திரும்ப ஓட்ட முடிந்தது.

டொயோட்டாவின் ஏஇ86 எப்படி ஆகிவிட்டது பாருங்கள். 1983 முதல் 1987 வரை வந்த வண்டி. 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இழுவை, கையில் காசில்லாத இளைஞர்கள் ஜப்பானிய மலைப்பாதைகளில் ஓட்டித் தேய்த்த வண்டி. இன்று அதற்குச் சேகரிப்பாளர் விலை. வாங்குகிறவர் ஷெட்டில் துணி போட்டு மூடி வைக்கிறார். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இதே கதையைப் பார்க்கலாம். வீட்டில் நாள் முழுக்கப் புழங்கிய எனாமல் தூக்குச்சட்டி, நகரத்து வரவேற்பறை அலமாரிக்குப் போக விலைச்சீட்டோடு காத்திருக்கிறது. இனி அதில் யாரும் சாப்பாடு கொண்டுபோகப் போவதில்லை. எனக்கு அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

சரி, நம் நாட்டில் கூபேக்கு எங்கே போவது? குடும்பம் ஏற நாலு கதவு வேண்டும் என்பதால் இங்கே யாரும் பெரிதாகச் செய்யவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஃபைபர் பாடியில் ஒரு இரண்டு சீட் வண்டி வந்தது, ரெனோ எஞ்சினோடு. ஆனால் சாலையில் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுவரலாம் என்றால், தொண்ணூறுகளின் கூபேக்கு இறக்குமதி விதி இடம் தராது.

அதனால் அந்தக் குணத்தை வேறு உடம்பில் தேட வேண்டும். 2000இல் வந்த ஹோண்டா சிட்டி வீடெக், ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியட் பாலியோ 1.6 எல்லாம் அந்த ரகம்தான். என் ஓட்டு மாருதி ஜென்னுக்கு. 1993இல் வந்த வண்டி, 993 சிசி அலுமினிய எஞ்சின், எடை முக்கால் டன்கூட வராது. 2003இல் கார்பன், ஸ்டீல் என்று பின்கதவோடு சேர்த்து மூன்று கதவு உள்ள ஜென்னைக் கொஞ்சமாகச் செய்து விற்றார்கள். நம் நாட்டில் சின்ன கூபேக்கு அருகில் வந்த வண்டிகளில் அதுவும் ஒன்று. என்னிடம் இருப்பது சாதாரண ஐந்து கதவுதான். அதிலேயே அத்தனை சந்தோஷமும் இருக்கிறது.

என்ன சந்தோஷம் என்று கேட்கிறவர்கள், பள்ளத்தூர், புதுவயல் பக்கத்து ஊர்ச்சாலைகளில் கண்மாய்க் கரையை ஒட்டி வளைந்து போகிற இடத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டயர் 145 மில்லிமீட்டர் அகலம்தான். பவர் ஸ்டியரிங் இல்லாத மாடல் என்றால் ரோட்டில் கிடக்கும் செம்மண் துகள்கூட உள்ளங்கைக்குத் தெரியும். திருப்பத்துக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, முன்மூக்கு உள்ளே திரும்புவதை உணர்ந்து, மெதுவாக ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் எஞ்சின் பாடிக்கொண்டே ஏறும். மீட்டரைப் பார்த்தால் ஐம்பதுதான் காட்டும். ஒன்றேகால் டன் எடையுள்ள இன்றைய உயர வண்டியில் அதே திருப்பத்தை அதே வேகத்தில் எடுத்தால் ஒன்றுமே நடக்காது. அந்த வண்டியில் உயிர் வர வேண்டுமென்றால் நூறைத் தாண்ட வேண்டும். ஆடு, மாடு, சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற சாலையில் நூறு போவது பாவம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இதை எழுதக்கூடாது. இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. நாலு வழிச்சாலையில் இரவில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிற வண்டி இது இல்லை. வாங்கியவுடன் பாட்டு சிஸ்டத்துக்கும் அலாய் வீலுக்கும் செலவழிக்காமல், நாலு புது டயர், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சர்பர், சீட் பெல்ட் என்று செலவழியுங்கள். பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால் வருகிறது. பழைய ரப்பர் ஃபியூயல் ஹோஸ்களுக்கு அது ஆகாது, அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் துரு. எஞ்சினை மெக்கானிக் சரிபண்ணுவார், தரையும் ரன்னிங் போர்டும் அரித்துப் போயிருந்தால் டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டும். நம் காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. அங்கே உப்புக்காற்று இரும்பை அவ்வளவு வேகமாகத் தின்னும். ஆகவே கடற்கரை ஊரில் ஓடிய வண்டி என்றால் தரை விரிப்பைத் தூக்கி, அடியில் லைட் அடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வறண்ட உள்ளூரில், கூரைக்குக் கீழே நின்ற வண்டி உத்தமம்.

அப்படிப்பட்ட வண்டிகள் நம் ஊர்களில் இருக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டு ஷெட்டில் பேட்டரி இறங்கி நிற்கின்றன. என் ஜென் தேவகோட்டையில் ஒரு ஆச்சி வீட்டிலிருந்து வந்தது. ஒரு புது புல்லட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை. இன்னும் கூடக் கேட்கலாமே என்று கூட வந்த புரோக்கர் ஆச்சியிடமே சொன்னார். "அவுக இருந்தவரைக்கும் ஆசையா ஓட்டுனாக. ஓட்டுறவக கைக்குப் போனாச் சரி தம்பி" என்று சொல்லிவிட்டார் ஆச்சி.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பதினைந்து வருடம் முடிந்த காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. புகையையும் பிரேக்கையும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சோதியுங்கள், தேறாத வண்டியை நிறுத்துங்கள். தேறிய வண்டிக்கு வயதைக் காட்டி அபராதம் மாதிரி வாங்காதீர்கள். மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு நல்ல மைலேஜ் தரும் முக்கால் டன் வண்டியை உடைத்து இரும்பாக்கி, அதன் இடத்தில் இரண்டு மடங்கு எடையுள்ள புது வண்டியை வாங்க வைப்பதில் யாருக்கு லாபம்?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் ஷெட்டில் இப்படி ஒரு வண்டி நின்றால், விற்கத்தான் வேண்டும் என்றில்லை. முதலில் பேட்டரியை மாற்றி, டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். உங்களால் ஓட்ட முடியாது என்றால், ஓட்டுகிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ நியாயமான விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.