தண்ணீரில் தேடினால் கிடைக்காது

ஏரியில் நஞ்சு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், "தண்ணீரைச் சோதித்தாச்சு, அளவு வரம்புக்குள்தான் இருக்கு" என்று ஓர் அறிக்கை வந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. பிசிபி (பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த செயற்கை வேதிப்பொருள்), மெத்தில் பாதரசம் (மீனில் சேரும் பாதரச வடிவம்) மாதிரி, ஒன்றை ஒன்று தின்னும் உயிர்களின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் சரக்குகளுக்குத் தண்ணீர் அறிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கட்சி.

கலிஃபோர்னியாவின் கிளியர் ஏரியில் கடிக்காத ஒரு சிறு பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 என மூன்று முறை டிடிடி (DDD) என்ற பூச்சிக்கொல்லியைத் தண்ணீரில் கலந்தார்கள். (எல்லாருக்கும் தெரிந்த DDT இல்லை, அதன் பங்காளி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே வந்து தொலைக்கும்!) 1954இல் போட்டது 5 கோடிப் பங்கு தண்ணீருக்கு 1 பங்கு, அதாவது 0.02 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.02 பங்கு). மிதவை உயிரிகளில் அது 5 பிபிஎம். மீன் தின்னும் முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1,600. தண்ணீரைவிட 80,000 மடங்கு. பறவைகள் செத்து மிதந்தபோது முதலில் தேடியது ஏதாவது தொற்று நோய் இருக்கிறதா என்றுதான்.

ஒரு மீன் 1 கிலோ எடை போட 10 கிலோ இரை தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரையின் பெரும்பகுதி எரிந்தும் கழிந்தும் போய்விடும். டிடிடி, பிசிபி மாதிரி நஞ்சு போகாது. தண்ணீரில் கரையாது, நொதிகளுக்கு மசியாது, கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதிதான் குடலில் ஏறியது என்றாலும் உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படிக்கும் 5 மடங்கு; நாலு படி ஏறினால் 625.

மீனுக்காவது செவுள் இருக்கிறது. பீட்டா எச்சிஎச் (பூச்சிக்கொல்லித் தயாரிப்பில் பிறக்கும் ஒரு நஞ்சு) போன்றவை அதன் வழியே தண்ணீருக்குத் திரும்பிவிடும். காற்றைச் சுவாசிக்கும் பிராணிக்கு அந்த வாசலும் இல்லை; அதன் உடம்பில் பெருகும். மீனை மட்டும் சோதித்துவிட்டு "இது பெருகாத பொருள்" என்று முத்திரை குத்துவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கிச் சமைத்தால் பிசிபி குறையும். மெத்தில் பாதரசத்திடம் இந்த வித்தை பலிக்காது. அது சதையின் புரதத்தில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வறுத்தால் நீர் வற்றி, கிராமுக்கு அளவு கூடவே செய்யும். அதற்கு வழி, சங்கிலியின் கீழ்ப்படியில் உள்ள சின்ன மீனைத் தின்பது.

ஆய்வக அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் அடிக்குறிப்பைப் பாருங்கள்: ஈர எடைக் கணக்கா (காயவைக்காத சதையின் முழு எடைக்கு), கொழுப்பு எடைக் கணக்கா (அதிலுள்ள கொழுப்பின் எடைக்கு மட்டும்)? 2% கொழுப்புள்ள மீனில் கொழுப்புக் கணக்கில் 1 பிபிஎம் என்பது ஈர எடையில் 0.02தான். இது தெரியாமல் இரண்டு அறிக்கைகளை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். மேலே நான் சொன்ன 80,000மும் கொழுப்புக் கணக்குதான். முழுப் பறவைக்குப் போட்டால் நன்றாகவே இறங்கும்.