ரொக் பாட்டுப் பிடிக்காட்டியும் வாசிக்கலாம்

ரொக் இசைக்காரர் எழுதின சுயசரிதை எண்டா எங்கட ஆக்களுக்கு உடன வாற நினைப்பு குடி, தூள், பெட்டையள், ஹோட்டல் ஜன்னலால ரீவியைத் தூக்கி எறியிறது. அப்பிடியான புத்தகங்களும் இருக்கு, இல்லையெண்டில்லை. மொட்லி குரூ பாண்ட்காரர் நாலு பேரும் சேந்து 2001இல விட்ட 'த டேர்ட்' உதுக்குப் பேர்போனது, நானும் ஆசையாத்தான் தொடங்கினன், கொஞ்சத் தூரம் போக அலுத்துப்போச்சு. ஒருத்தன் வெறியில விழுந்தெழும்பின கதையைக் கேக்க ஆயிரக்கணக்கில காசு குடுத்துப் புத்தகம் வாங்கத் தேவையில்லை, பின்னேரம் தவறணைப் பக்கம் ஒருக்கா நடந்து போனாக் காணும்.

நான் பாக்கிறது ஒண்டே ஒண்டுதான். அந்த மனிசன் தன்ர தொழிலை எழுதியிருக்கோ? கை எப்பிடிப் போச்சு, காது எப்பிடிக் கேட்டுது, தகப்பன் தாய் என்ன சொன்னவை, சாப்பாட்டுக்கு என்ன செய்தவை, உதுகள் இருந்தா அந்தாளின்ர ஒரு பாட்டும் தெரியாட்டியும் புத்தகத்தை வைக்க மனம் வராது. உதுகள் இல்லாட்டி ஆள் எவ்வளவு பெரிய ஸ்டாரா இருந்தாலும் எனக்குச் சரிவராது.

உதாரணத்துக்கு பிளாக் சபத் எண்ட இங்கிலாந்து பாண்டின்ர கிற்றார்காரர் ரொனி அயோமி. 'அயர்ன் மான்' எண்டு 2011இல வந்தது. எழுத்தெண்டு பாத்தாப் பெரிசா ஒண்டுமில்லை, பக்கத்தில இருந்து கதைக்கிறமாதிரிச் சின்னச் சின்ன அத்தியாயம், இங்கிலிசும் லேசு. ஆனா அந்த விரல் கதைக்காகவே வாங்கலாம். பேர்மிங்ஹாமில ஒரு தகர வேலைத் தொழிற்சாலை, ஆளுக்கு 17 வயசு, பாண்டோட வெளிநாடு போறதெண்டு வேலையை விடுற கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டை வந்தவர் இனித் திரும்பிப் போகேல்ல எண்டு சொல்ல தாய் விடேல்ல, தொடங்கின வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு வா எண்டு கலைச்சு விட்டிட்டா. அண்டைக்குப் பாத்து வராத ஒரு ஆளின்ர மெஷினில இவரை விட, அது வலக்கையில விழுந்து நடுவிரலும் மோதிரவிரலும் நுனி போட்டுது. ஆள் இடக்கைக்காரர், அதால வலக்கைதான் தந்தி அமத்திற கை. டொக்டர்மார் கிற்றாரை மறந்திடு எண்டிட்டினம். தொழிற்சாலை மனேச்சர் வீடு தேடி வந்து ஒரு இசைத்தட்டைப் போட்டுக் கேக்க வைக்கிறார், ஜாங்கோ ரைன்ஹார்ட், நெருப்பில கை எரிஞ்சு ரெண்டு விரல் ஏலாமப்போன மனிசன் மிச்ச விரலால வாசிக்கிறது. அதுக்குப் பிறகு இவர் செய்தது என்னெண்டா, கோப்பை கழுவுற ஃபெயரி லிக்குவிட் போத்திலை உருக்கி உருட்டி, சூடு வைச்சுத் துளை போட்டு, விரலுக்கு அளவா அராவி அராவி எடுத்து, மேல தோல் ஜக்கற்றில வெட்டின துண்டை ஒட்டினது. எங்கட தவில்காரர் விரலுக்குக் கூடு போடுறமாதிரித்தான். தோலும் வழுக்கக்கூடாது, தந்தியில ஒட்டிக்கொண்டும் நிக்கக்கூடாது. பேந்து விரல் நோகுதெண்டு மெல்லிய தந்தி மாட்டினது, பிறகு தந்தியைத் தளர்த்தி சுருதியை இறக்கினது, அந்த இறக்கின சுருதியைத்தான் 1971இல வந்த மூண்டாவது அல்பத்தில கேக்கிறம். உலகம் முழுக்கப் பெடியள் தலையை ஆட்டுற அந்தக் கனத்த சத்தத்தில ஒரு பங்கு அந்த மெஷினுக்குப் போகோணும்.

இதை வாசிக்கேக்க எனக்கு வந்த எரிச்சலையும் சொல்லோணும். அளவெட்டிப் பக்கம் எத்தினை தவில், நாதஸ்வர வித்துவான்மார் இருந்தவை, விடிய விடியத் திருவிழாவில வாசிச்சு விரல் வெடிச்ச ஆக்கள், ஒருத்தரும் தங்கட தொழிலை இப்பிடி விரல் விரலா எழுதி வைச்சதா நான் தேடின அளவில காணேல்ல. எங்கட ஆக்கள் எழுதினா விருது, பொன்னாடை, ஆர் ஆர் வாழ்த்தினவை எண்டுதான் பக்கம் போகும். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படம் ஒண்டு இருக்கு, அதையெண்டாலும் தேடிப் பாருங்கோ.

சரி, விசயத்துக்கு வாறன். கனடாவில சொந்தம் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில குறைவு, ஆனபடியா கெடி லீயின்ர புத்தகத்தைக் கட்டாயம் வாசிக்கோணும் எண்டு சொல்லுவன். ரொறன்ரோக்காரர், ரஷ் எண்ட மூண்டு பேர் பாண்டில பேஸ் கிற்றாரும் பாட்டும். 'மை எஃபின் லைஃப்', 2023இல வந்தது. தாயும் தகப்பனும் போலந்து யூதர், பெடியன் பெட்டையா இருக்கேக்க ஸ்ராராஹோவிற்சே எண்ட இடத்தில நாசிகளின்ர வேலை முகாமில சந்திச்சவை, அங்கயிருந்து அவுஷ்விற்ஸ், பிறகு ஆளுக்கொரு திசை, யுத்தம் முடிய தகப்பன் தேடிக்கொண்டு போய் பேர்கன் பெல்சனில தாயைக் கண்டுபிடிச்சு அங்கேயே கலியாணம் முடிச்சு, பேந்துதான் கனடா. இதுக்கெண்டு ஒரு முழு அத்தியாயம். பாட்டுக்கதைக்கு மட்டும் வந்தனீங்களெண்டா இதைத் தாண்டிப் போங்கோ எண்டு அவரே சொல்லிப்போடுறார். தாண்டாதேங்கோ. புத்தகத்தின்ர நாடியே அதுதான். அந்தத் தாய் பிள்ளையளுக்கு முகாம் கதையை மறைக்காமச் சொல்லி வளத்தவா, எங்கட வீடுகளில நடக்கிறது மறுவளம், 95 இடப்பெயர்வைப் பற்றி ஏதும் கேட்டா "அதையேன் இப்ப, தேத்தண்ணி ஆறுது குடி" எண்டு கதையை மாத்திப்போடுவினம், நாங்களும் விட்டிடுவம்.

12 வயசில தகப்பன் செத்துப்போறார். அவையின்ர சமய முறைப்படி மகன் பதினொரு மாசமும் ஒரு நாளும் தினம் கோயிலுக்குப் போய் செபம் சொல்லோணும், அந்தக் காலம் முழுக்கப் பாட்டுக் கேக்கக்கூடாது. செத்தவீடு நடந்த வீட்டில றேடியோ போடாத வழக்கம் எங்களுக்கும் தெரிஞ்சதுதானே. ஆனா 65ஆம் ஆண்டு, பீற்றில்ஸ் உலகத்தைக் கிளப்பிக்கொண்டு நிக்கிற நேரம், ஒரு பெடியன் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறதை யோசிச்சுப் பாருங்கோ. தகப்பன் நடத்தின பலசரக்குக் கடையைப் பேந்து தாய்தான் எடுத்து நடத்தினது. மகன் படிப்பை விட்டிட்டுத் தலைமயிரை வளத்துக்கொண்டு பாண்ட் எண்டு திரிய மனிசிக்கு விசர் வராத குறை, ஆனா முதல் அல்பம் வந்த உடன கடை முழுக்க ரஷ் போஸ்ரர் ஒட்டிப்போட்டு, காசில்லாமல் வந்த பிள்ளையளுக்கு இசைத்தட்டைச் சும்மா குடுத்தவவாம். ஸ்காபரோவில கடை வைச்சிருக்கிற எத்தினை அன்ரிமாரை எனக்கு இதில தெரிஞ்சுது.

புத்தகம் மொத்தம், அதையும் சொல்லோணும். நடுவில ஒவ்வொரு அல்பமா, ஒவ்வொரு ரூரா போகேக்க ரஷ் கேக்காத ஆக்களுக்கு இழுவையா இருக்கும், அந்த இடத்தில பக்கத்தைத் தட்டுங்கோ, குற்றமில்லை. கடைசியில ரஷ்ஷின்ர ட்ரம்ஸ்காரர் நீல் பியேர்ட் நோயில போற இடத்துக்கு மட்டும் திரும்பி வாங்கோ.

தகப்பன் கதை எண்டா அமெரிக்கப் பாட்டுக்காரர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன்ர 'போர்ன் ரு ரன்'. 2016. வேற ஆளை வைச்சு எழுதுவிக்கேல்ல, ஏழு வருசமாத் தானே எழுதினது, வாசிக்கத் தெரியும், வசனம் சில இடத்தில மேடையில நிண்டு கத்திறமாதிரி இருக்கும். ஆனா அந்தக் குசினி! லைற்றை நூத்துப்போட்டு, பியரும் சிகரெற்றுமா இருட்டில தனிய இருக்கிற தகப்பன், இரவு வீட்டுக்கு வாற பெடியன் அவரைத் தாண்டித்தான் அறைக்குப் போகோணும். ஒரு சொல்லும் கதைக்காத அந்தத் தகப்பனை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தனக்கு அறுபது தாண்டி வந்த மனச்சோர்வையும், மருந்தையும், டொக்டரிட்ட போனதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மனநோய் எண்டா வெளிய தெரியாமல் மூடிவைக்கிற எங்கட ஊரில உதை ஆம்பிளையள் வாசிக்கோணும்.

ரோலிங் ஸ்ரோன்ஸ் பாண்டின்ர கிற்றார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின்ர 'லைஃப்' எல்லாருக்கும் தெரிஞ்சது, 2010. தூள் கதை கனக்க இருக்கு, ஆனாலும் என்ர கணக்கில பாஸ். ஏனெண்டா மனிசன் ஆறு தந்தியில ஒண்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அஞ்சு தந்தியில சுருதி மாத்தி வாசிச்சதை எழுதிற இடத்தில கிற்றாரைத் தொடாத ஆளுக்கும் கை துருதுருக்கும். தாத்தா கஸ் கிற்றாரைப் பேரனின்ர கைக்கு எட்டாமல் உயரத்தில வைச்சிருந்த கதையும் அருமை. பேரன் வாற நாளில மட்டும்தான் அதை எடுத்து அங்க வைக்கிறவர் எண்டது கீத்துக்குக் கன வருசம் கழிச்சுத்தான் தெரிய வந்தது. நல்ல வாத்தியார் எண்டா உவர்தான்.

பொம்பிளையள் எழுதினதுகளை எங்கட பெடியள் வாசிக்கிறதே இல்லை, ஏனெண்டு தெரியேல்ல. பாட்டுக்காரி பேட்டி ஸ்மித்தின்ர 'ஜஸ்ட் கிட்ஸ்' அமெரிக்காவில 2010ஆம் ஆண்டு தேசிய புத்தக விருது எடுத்தது. அவவும் படப்பிடிப்பாளர் றொபேட் மேப்பிள்தோர்ப்பும் காசில்லாமல் நியூயோர்க்கில சீவிச்ச கதை, கவிதை எழுதிற ஆள் எழுதினது எண்டது ஒவ்வொரு வரியிலயும் தெரியும். கண்காட்சிக்கு ரெண்டு ரிக்கெற் வாங்கக் காசில்லாமல் ஒராள் உள்ள போய்ப் பாத்திட்டு வந்து மற்றாளுக்குச் சொல்லுற இடத்தில நான் புத்தகத்தை மூடி வைச்சிட்டுக் கொஞ்சநேரம் இருந்தன். ஆனா அதைவிட எனக்குப் பிடிச்சது விவ் அல்பேர்ட்டைன்ர புத்தகம், லண்டனில ஸ்லிற்ஸ் எண்ட பங்க் பாண்டில கிற்றார் வாசிச்சவ. உடுப்பு உடுப்பு உடுப்பு, பாட்டுப் பாட்டுப் பாட்டு, பெடியள் பெடியள் பெடியள், உனக்கு வேற யோசனையே இல்லையோ எண்டு தாய் பேசின பேச்சையே தலைப்பா வைச்சு 2014இல விட்டவ. பாதிப் புத்தகம் பங்க் காலம், மற்றப் பாதி பாண்ட் உடைஞ்ச பிறகு, பிள்ளை தங்காத துன்பம், கான்சர், கலியாணம் பிழைச்சது, அம்பது வயசில திரும்பக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஆரும் கவனிக்காத சின்னச் சின்ன இடங்களில கை நடுங்க வாசிக்கப் போறது. அந்த ரெண்டாம் பாதிதான் உச்சம். புகழ் முடிஞ்ச இடத்தில மற்ற ஆக்கள் புத்தகத்தை முடிப்பினம், இவ அங்கதான் தொடங்குறா.

இப்ப அயர்ன் மெய்டன் பாண்டின்ர ரசிகர்மாருக்கு. பாட்டுக்காரர் புரூஸ் டிக்கின்சன் 2017இல எழுதின 'வட் டஸ் திஸ் பட்டன் டூ'. கலியாணம், பிள்ளை, விவாகரத்து ஒண்டும் எழுதமாட்டன் எண்டு முடிவெடுத்துத்தான் எழுதினதாம், யாழ்ப்பாணத்து ஆக்கள் முதல் கேக்கிற கேள்வியளுக்கே மறுமொழி இல்லை. வாள்ச்சண்டை, விமானம் ஓட்டுறது, தொண்டைக் கான்சர் எல்லாம் வரும், பெரிய ஆழமில்லை, பகிடி கனக்க. ஆனா ஒரு அத்தியாயம் இருக்கு, பொஸ்னியாவின்ர தலைநகர் சரயேவோ. 1994 மார்கழி, நகரத்தைச் சுத்தி முற்றுகை, மலையில இருந்து ஷெல். ஐநா கூட்டிக்கொண்டு போறதா இருந்தது சரிவராமல், உதவிச்சாமான் கொண்டுபோற ஆக்களின்ர லொறியில இரவில மலைப்பாதையால உள்ள போய் ஒரு கொன்சேர்ட் செய்திட்டு வந்தவை.

அந்த 94இல நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தம்? கரண்ட் இல்லை, பற்றறி தடை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைக் கையால சுத்த டைனமோ வயரை கசற் பிளேயரில குடுத்துப் பாட்டுக் கேக்கிறது. சுத்திறவன் களைச்சா பாட்டுக்காரனும் களைப்பான், குரல் இழுபட்டு ஆழத்துக்குப் போகும், "டேய் சுத்தடா" எண்டு மற்றவன் குளற திரும்ப விறுக்கெண்டு ஏறும். எங்களுக்கு அயர்ன் மெய்டன் அந்த வேகத்திலதான் தெரியும், பிறகு கரண்ட் வந்து ஒழுங்கான வேகத்தில கேக்கேக்க ஏதோ குறையிறமாதிரி இருந்தது. அதால அந்த சரயேவோ அத்தியாயத்தை நான் பொறாமையோடதான் வாசிச்சன். எங்களிட்ட ஒருத்தரும் லொறியில வரேல்ல.

மற்றவை எழுதின வரலாறுகளில ரெண்டு சொல்லுறன். மைக்கல் அசெராட்டின்ர 'அவர் பாண்ட் குட் பி யுவர் லைஃப்', 2001, எண்பதுகளில அமெரிக்காவில பெரிய கொம்பனி ஒண்டின்ர உதவியும் இல்லாமல் வான் வண்டிக்குள்ள படுத்து, தாங்களே போஸ்ரர் ஒட்டி, தாங்களே இசைத்தட்டு அடிச்ச 13 பாண்டுகளின்ர கதை. இஞ்ச பாண்ட் தொடங்க நிக்கிற பெடியள் பெட்டையள் ஸ்பொன்சர் தேட முதல் இதை வாசியுங்கோ. மற்றது மார்க் லூயிசோன்ர பீற்றில்ஸ் வரலாறு, 'ரியூன் இன்', 2013. தொளாயிரம் பக்கமளவு, முடியிறது 1962 மார்கழியோட, அதாவது புத்தகம் முடியேக்க அவையின்ர முதல் பாட்டுத் தட்டு மட்டும்தான் வெளிய வந்திருக்கு! மூண்டு பாகம் எண்டவர், மற்ற ரெண்டும் இன்னும் வரேல்ல. ஆனா லிவர்பூல் ஒழுங்கையும் ஹம்பேர்க் கிளப்பும் கண்ணுக்கு முன்னால நிக்கும்.

நிர்வானா பாண்டின்ர கேர்ட் கோபேனைப் பற்றி சார்ள்ஸ் குரொஸ் எழுதினதைக் கனபேர் புழுகுவினம், உழைப்பு இருக்கு, மறுக்கேல்ல, ஆனா ஆருமில்லாத அறையில அந்தப் பெடியன்ர கடைசி நேரத்தைப் பக்கத்தில நிண்டு பாத்தமாதிரி எழுதினது எனக்கு ஒத்துவரேல்ல. லெட் செப்பலின் பாண்டைப் பற்றின 'ஹமர் ஒஃப் த கோட்ஸ்' வெறும் ஊர்வம்பு. விடுங்கோ.

பொப் டிலன்ர 'குரோனிக்கிள்ஸ்' முதலாம் பாகத்தைக் கடைசியா வாசியுங்கோ. 2004இல வந்தது, ரெண்டாம் பாகத்தின்ர சிலமனே இல்லை. நீங்கள் கேக்க நினைக்கிற வருசமெல்லாத்தையும் மனிசன் தாண்டிப் போயிடுவார், ஆனா 1989இல நியூ ஓர்லியன்ஸில ஒரு அல்பம் ஒலிப்பதிவு செய்ததை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதுவார், எந்தப் பாட்டு எந்த இரவில சரிவரேல்ல, புரொடியூசரோட எங்க முட்டுப்பட்டது எண்டு. தொழிலை எழுதோணும் எண்டு மேல சொன்னனே, அதின்ர உச்சம் இதுதான். முதலே தொடங்கினாக் குழம்பிப்போவியள்.

இங்கிலிஸ் பயம் எண்டா அயோமியில தொடங்குங்கோ, இல்லாட்டி ஓடியோ புத்தகம் கேளுங்கோ, ஸ்பிரிங்ஸ்ரீனும் பேட்டி ஸ்மித்தும் தங்கட புத்தகத்தைத் தாங்களே வாசிச்சிருக்கினம். கொழும்பில செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில சிலவேளை மலிவாத் தட்டுப்படும். இல்லாட்டி நல்லூர்த் திருவிழாவுக்கு வாற கனடா, லண்டன் சொந்தங்களிட்டச் சொக்லேற் வேண்டாம், இதைக் கொண்டு வாங்கோ எண்டு இப்பவே சொல்லி வையுங்கோ. லூயிசோன்ர பெரிய பதிப்பை மட்டும் கேட்டிடாதேங்கோ, அது ரெண்டு தடிப் புத்தகம், சூட்கேசில கிலோக் கணக்குப் பாக்கிற மாமிமாரோட பிறகு கதைபேச்சே இல்லாமப் போயிடும்.