ஆற அமர இருந்து சாப்பிட

போன மாதம் அம்மாவின் கண் கிளினிக்குக்காகக் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போயிருந்தோம். அம்மா, தங்கச்சி, அவளின் மகள், நான். அலுவல் 11 மணிக்கே முடிந்துவிட்டது. ரயிலோ பின்னேரம். பெறாமகள் பாஸ்தா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு இத்தாலியன் கடைக்குள் அப்படித்தான் நுழைந்தோம். பெயர் வேண்டாம்.

முதலில் சாப்பாடு. கார்பனாரா என்று எழுதியிருந்ததை எடுத்தோம். ரோமில் அதற்கு முட்டை, செம்மறிப் பாலில் செய்த சீஸ், பன்றிக் கன்னத்து இறைச்சி, மிளகு, இவ்வளவுதான். பாஸ்தா அவிந்த தண்ணீரில் கொஞ்சம் விட்டுக் கிளறினால் தானாகக் கூழ்பதம் வரும். கிறீம் சேர்ப்பதில்லை. எங்களுக்கு வந்ததில் கோழித்துண்டு நாலைந்து, மிச்சமெல்லாம் கிறீம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "பால்கஞ்சிக்குள்ள நூடில்ஸ் போட்ட மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றார்.

பாஸ்தாவும் குழைந்திருந்தது. சுவிஸில் இத்தாலியன் கடைக் குசினியில் வேலை செய்யும் சித்தப்பா, அது பல்லில் கொஞ்சம் கடிபட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்வார். (குசினி போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போன சொல். இத்தாலிக்காரர் கூச்சினா என்கிறார்கள். சித்தப்பாவுக்குச் சொல் பழக அதிக நாள் எடுத்திருக்காது.) நான் முறைப்பாடு சொல்ல வாயெடுத்தபோது அம்மா தட்டை வழித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப்பல் இல்லாத ஆளுக்குக் குழைந்ததுதான் வசதி. சரி, பேசாமல் இருந்துவிட்டேன். உள்ளிப் பாண் மட்டும் நல்லாயிருந்தது. வெண்ணெய் பூசிய அந்தப் பாணும் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலியரின் கைவேலைதான்.

பில் 12,000 ரூபாவைத் தாண்டியது. 10% சேவிஸ் சார்ஜ், அதற்கு மேல் 18% வற். "இந்தக் காசுக்கு ஊர்க்கோழி வாங்கி ஒரு கிழமை சமைக்கலாம்" என்றாள் தங்கச்சி. சாப்பாட்டை மட்டும் பார்த்தால் அவள் சொன்னது சரி.

ஆனால் எனக்கு அந்தக் காசு நோகவில்லை. அங்கே இரண்டரை மணித்தியாலம் இருந்தோம். ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. பரிமாறிய மலையகத் தம்பி அம்மாவுக்கு இரண்டு தரம் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கிளிநொச்சியில் நான் எந்தக் கடையில் இப்படி இருந்திருக்கிறேன்? ஏ9 வீதிக் கடைகள் பஸ்ஸில் போகிறவர்களுக்கானவை. கொத்து முடிய முதலே அடுத்த ஆள் கதிரைக்குப் பின்னால் நிற்பார். குடும்பமாகப் போனால் பிளைவூட் தட்டிக்குப் பின்னால், காற்றாடி இல்லாத மூலை. ஒரு பொம்பிளை தனியாக ஒரு பிளேன்ரீயோடு அரை மணித்தியாலம் இருந்து பார்க்கட்டும், கடையே திரும்பிப் பார்க்கும். என்னோடு படித்தவர்களை நான் சந்திப்பது கோயில் வீதியில், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாங்கில். சந்திக்கு மூன்று ஆம்பிளைகள் மணிக்கணக்காக நின்று கதைக்கிற ஊரில் எங்களுக்கு ஒரு மேசை இல்லை.

அந்த மேசையில்தான் அம்மா 96ஆம் ஆண்டைப் பற்றிக் கதைத்தார். பீட்சாவுக்கு மா தட்டுகிற பெடியனைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார். சண்டையில் கிளிநொச்சியை விட்டு ஓடி ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் இருந்தபோது, கடனாக வாங்கிய ஒரு சுண்டு கோதுமை மாவில் எங்கள் நாலு பேருக்கும் ரொட்டி தட்டினாராம். தட்ட ஒன்றும் இல்லாததால் அப்பாவின் ரேடியோ மூடியைக் கழுவி அதன்மேல் தட்டினாராம். ரேடியோ எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு ஏன் மூடி இல்லை என்று இவ்வளவு காலமும் நான் கேட்டதில்லை.

போன கிழமை எங்கள் சந்தியில் புதுச் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்தார்கள். ஆறு மேசை, நல்ல வெளிச்சம், பீட்சாவும் உண்டு. ஆசையோடு உள்ளே போனேன். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது: "சாப்பிட்டு முடிந்ததும் இடம் விடவும்."